பாதியில் நின்ற பகிடி

நான் பகிடி சொல்லிச் சிரிக்க வைத்துப் பிழைத்த பிராங்பேர்ட் அரங்கில் இன்றைக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. நிகழ்ச்சியின் இடைவேளையில், ஒலியும் ஒளியும் பார்க்கும் ஊவே ஒப்பனை அறைக்கு வருவான். மேடையில் நிற்கிறவரின் முகத்தை நேராகப் பார்த்து, "வீட்டிலிருந்து செய்தி எதுவும் இல்லை" என்பான். அதைச் சொல்லாமல் இரண்டாம் பாதி தொடங்காது. செய்தி இருந்தால், அது எதுவானாலும், சொல்லியே ஆக வேண்டும்.

முழங்கால் இனி ஏலாது என்று நான் மேடையை விட்டு இறங்கிவிட்டேன். இப்போது அங்கே நிற்பவர்களில் ஒருத்தி டுசல்டோர்ஃபில் பிறந்த பெண், பெற்றோர் யாழ்ப்பாணத்தவர்கள். போன மாதம் தொலைபேசியில் கேட்டாள்.

"அண்ணை, உந்த இடைவேளைக் கூத்து என்னண்ணை? ஊவே செத்தவீட்டுக்கு வந்த ஆள் மாதிரி வாசல்ல நிண்டு சொல்லுறான். எனக்கு அடுத்த வசனமே மறந்துபோகுது."

"நல்ல செய்திதானே சொல்லுறான், பிள்ளை."

"நல்ல செய்தியை ஏன் அந்த மூஞ்சையோட சொல்லோணும்? நீங்கள்தான் இதுக்குக் காரணம் எண்டு எல்லாரும் சொல்லினம். எழுதித் தாங்கோ. புதுசா வாற ஆக்களுக்குக் குடுக்கோணும்."

எழுதுகிறேன். ஆனால் அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சிரிக்க வைத்தது என் இரண்டாவது தொழில். முதல் தொழில் பேஸ்போல். ஜேர்மனியில் பேஸ்போல் விளையாடிச் சாப்பிட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் ஒரு விரல் நான். பள்ளிக்கூடத்தில் விக்கெட் காப்பாளராக இருந்தவன், அகதியாக வந்து கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்தில் தங்கவைக்கப்பட்டேன். அருகில் அமெரிக்கச் சிப்பாய்கள் விளையாடும் மைதானம் ஒன்று இருந்தது. ஒருநாள் அவர்களுக்கு ஆள் குறைந்தது. மட்டை வைத்திருப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்க வேண்டும் என்றார்கள். இதைத்தானே சின்ன வயதிலிருந்து செய்கிறேன் என்று குந்தினேன். பிறகு ஒரு கழகம் சம்பளத்துக்கு எடுத்தது. முதல் பிரிவு ஆட்டங்கள், கிண்ணங்கள், ஒரு கல்யாணம், ஒரு மகள், இரண்டு முழங்கால் சத்திரசிகிச்சைகள். அவ்வளவுதான் அந்தக் காலம்.

அந்த ஆட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. பந்து எறிபவன் ஒரு நாள் அபாரமாக எறிந்துகொண்டிருக்கிறான், எதிரணியால் ஒரு பந்தைக்கூட ஒழுங்காக அடிக்க முடியவில்லை என்று வையுங்கள். அவன் ஓய்வுக்காகப் பெஞ்சுக்கு வந்தால் ஒருவரும் அவனோடு பேச மாட்டார்கள். பக்கத்தில் இருக்கவும் மாட்டார்கள். "நல்லா எறியிறாய்" என்று சொன்னால் அந்த மாயம் கலைந்துவிடும் என்று பயம். அவன் எறிவதைப் பிடிக்கிற நானே அவன் கண்ணைப் பார்க்க மாட்டேன். பெஞ்சின் ஒரு நுனியில் அவன் தனியே இருப்பான். அந்தத் தனிமையை விடப் பெரிய பாராட்டு பேஸ்போலில் இல்லை.

முழங்கால்கள் போனபின் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கழகம் எனக்கு ஒரு பிரியாவிடை விருந்து வைத்தது. நன்றி சொல்ல எழுந்து, பேசத் தொடங்கி, நிறுத்த முடியாமல் போய்விட்டது. எல்லோரும் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தவர் ஒரே ஒருவர்: கழகப் பொருளாளரின் அக்கா. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பழைய சலவைக்கூடம் ஒன்றை அரங்காக்கி நடத்திவந்தவர் அவர். விருந்து முடிந்து என்னிடம் வந்தார்.

"திங்கட்கிழமை என் அரங்குக்கு வாருங்கள். கடைசி ஐந்து நிமிடத்தை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்."

அவர்தான் பிரௌ பிரென்னர், அதாவது திருமதி பிரென்னர். ஜேர்மன் மேடைக்காரர்கள் சந்தித்த நிமிடத்திலேயே ஒருவரை ஒருவர் 'நீ' என்பார்கள். பிரௌ பிரென்னர் ஒருவரையும் அப்படிச் சொல்ல மாட்டார். ஒளி பார்க்கும் ஊவேயை, அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்த நாளிலிருந்து அறிந்தவர்; அவனுக்கும் 'நீங்கள்'தான். "மரியாதையாகக் கூப்பிட்டால்தான் மரியாதையாகத் திட்டலாம்" என்பார்.

ஒத்திகையில் அவர் கடைசி வரிசையில், சத்தம் மிகக் குறைவாகக் கேட்கும் இடத்தில் உட்காருவார். முதலில் நான் செருப்பில்லாமல் மேடை முழுக்க நடக்க வேண்டும். எந்தப் பலகை கீச்சிடுகிறது என்று கால் அறிய வேண்டும். பிறகு வெறும் அரங்குக்குப் பகிடி சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து ஊவே கதிரைகளை இழுத்து அடுக்குவான், வேண்டுமென்றே.

"அவர் சத்தம் போடுகிறாரே" என்றேன் ஒருநாள்.

"இருமுகிறவர்கள் வருவார்கள். கைப்பை திறக்கிறவர்கள் வருவார்கள். ஊவே ஒருவர்தானே? தொடருங்கள்."

என்னிடம் அவர் கண்ட பெரிய குறை வேறு. ஒவ்வொரு பகிடியையும் சொல்லி முடித்ததும் என் இரண்டு கைகளும் தாமாக நெஞ்சுக்கு முன்னால் வந்து விரிந்து நின்றன. முழங்கால்கூடச் சிறிது மடங்கியது. அவர் பல நாள் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன செய்கிறீர்கள்? பிச்சை கேட்கிறீர்களா?"

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பந்து வரும் என்று காத்திருக்கிற உடம்பு அது. சிரிப்பையும் பந்து மாதிரிப் பிடிக்க நின்றிருக்கிறேன்.

"இங்கே எறிகிறவர் நீங்கள்," என்றார். "எறியுங்கள். திரும்பி நடந்துவிடுங்கள். அவர்கள் பிடித்தால் பிடிக்கட்டும்."

அதைப் பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது. ஆனால் என் காரின் பின்பக்கத்தில் கிடந்த பழைய முகக்காப்பு, நெஞ்சுக்காப்பு, கால்காப்புகளைக் கண்டதும் அவரே அவற்றை எடுத்துவந்து என் முன்னால் போட்டார். முழுக் கவசத்தோடு மேடைக்கு வந்து, கதை போகப் போக ஒவ்வொன்றாகக் கழற்றுவது என்று முடிவாயிற்று. முதலில் முகம். கடைசியில் கால்.

பெஞ்சில் பேசாத பழக்கத்தை நான் அவர்களுக்கு ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொன்னேன். மேடைக்காரர்களுக்கு இப்படியான விடயங்கள் என்றால் உயிர். அடுத்த வாரமே அது அரங்கின் விதியாகிவிட்டது. முதல் பாதி நன்றாகப் போயிருந்தால் இடைவேளையில் ஒருவரும் மேடையில் நின்றவரோடு பேசக் கூடாது. தண்ணீரை வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். சுமாராகப் போனவர்களோடு எல்லோரும் வந்து பேசுவார்கள். அவர்கள் பாவம், அதிலிருந்தே தெரிந்துகொள்வார்கள்.

எங்கள் தமிழ் ஆட்களுக்கு இதெல்லாம் விளங்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் தெரிந்த அண்ணை ஒருவர் எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்.

"என்ன தம்பி, பந்து பொறுக்கிறதை விட்டுட்டு இப்ப வெள்ளைக்காரனுக்குப் பகிடி விக்கிறியாம்?"

என் மனைவி சுகந்தி முந்திக்கொண்டாள். "ஓம் அண்ணை. உங்களுக்குச் சும்மாவே சொல்லுவார். ஆனா நீங்கள் சிரிக்கோணும், அதுதான் கஷ்டம்."

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருடங்களில் மற்றவர்களோடு சேர்ந்து ஆளுக்கொரு சிறு துண்டாக மேடையில் பகிடி சொன்னேன். பிறகு பிரௌ பிரென்னர், "உங்களுக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை தருகிறேன்" என்றார். காலை பதினொரு மணிக் காட்சி. இரண்டு பாதிகளும் நான் மட்டும். பல நகரங்களின் அரங்குகளுக்கு ஆள் எடுக்கும் ஒருவரைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்தால் சரக்கு வேலையை விடலாம். பிடிக்காவிட்டால் பெட்டி தூக்கியபடியே ஓய்வூதியம் வரை போக வேண்டியதுதான்.

அன்று காலை மகள் நிலானிக்கு வயிறு நொந்தது. பதினான்கு வயது. முதல் நாள் ஒரு பிறந்தநாள் விழாவில் ரோல்ஸ் சாப்பிட்டிருந்தாள்.

"ரோல்ஸ் எத்தனை சாப்பிட்டனி?" என்றாள் சுகந்தி.

"எண்ணேல்லை."

"எண்ணாமல் சாப்பிட்டா நோகும்தான்."

"அப்பா, நீங்கள் போங்கோ," என்றாள் நிலானி. "நாங்கள் அடுத்த ரயிலில வாறம். நாங்கள் முன் வரிசையில இருக்கேக்கை என்னைப் பற்றிச் சொல்லக்கூடாது. சொன்னா எழும்பிப் போயிடுவன்."

நான் போனேன். அரங்கு நிறைந்திருந்தது. பிரௌ பிரென்னர் மட்டும் இல்லை; அந்த விருந்தினரை அழைத்துவர ரயில் நிலையத்துக்குப் போயிருந்தார், ரயில் தாமதம். முன்வரிசையில் இரண்டு இருக்கைகள் வெறுமையாக இருந்ததைக் கடைக்கண்ணால் கண்டேன். ஞாயிற்றுக்கிழமை புறநகர் ரயில் வழமைபோல வழியில் நிற்கிறது என்று நினைத்தேன்.

முகக்காப்பைக் கழற்றிய முதல் வசனத்திலேயே அவர்கள் என் பக்கம் வந்துவிட்டார்கள். ஒரு பெண் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு நின்றதும் மறுபடியும் தனியே சிரித்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். நான் எறிந்தேன், திரும்பி நடந்தேன், எறிந்தேன். என் கைகள் ஒருதரமும் முன்னால் வரவில்லை.

இடைவேளை. ஒப்பனை அறையில் உட்கார்ந்தேன். அனுமதிச்சீட்டுப் பார்க்கும் பெண் வாசலில் வந்து நின்றாள், என்னைக் கண்டதும் திரும்பிப் போனாள். ஊவே தண்ணீர் கொண்டுவந்தான். என் கால்காப்புகளைப் பார்த்தபடி குவளையை வைத்தான். சிந்திய தண்ணீரைத் துடைக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

பெஞ்சின் நுனியில் என்னைத் தனியே விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எத்தனையோ வருடம் மற்றவனுக்கு நடக்கப் பார்த்த மரியாதை, இன்றைக்கு எனக்கு. அந்தச் சிறிய அறையில் நெஞ்சுக்காப்போடு உட்கார்ந்து, சத்தம் வராமல் சிரித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததில்லை.

இரண்டாம் பாதியில், முழங்கால் போனபின் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போன கதையை எடுத்தேன். அந்த நிகழ்ச்சிக்கென்று புதிதாகச் செய்த கதை; வீட்டில்கூடச் சொன்னதில்லை.

அதிகாரி கேட்கிறார், என்ன தொழில் செய்தீர்கள் என்று. ஒருவர் கையில் தடியோடு நிற்பார், அவருக்குப் பின்னால் நான் குந்தியிருப்பேன் என்கிறேன். அதற்குச் சான்றிதழ் இருக்கிறதா என்கிறார். இல்லை. கணினியில் தேடுகிறார், அப்படி ஒரு தொழில் இல்லை. பக்கத்து அறையிலிருந்து இன்னோர் அதிகாரியைக் கூப்பிடுகிறார். அவர் என்னை ஒருதரம் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நீங்கள் பின்னால் இருப்பது தடி வைத்திருந்தவருக்குத் தெரியுமா?" என்கிறார். இருவரும் யோசிக்கிறார்கள். பிறகு முதல் அதிகாரி கண்ணாடியைக் கழற்றுகிறார். வழி கண்டுபிடித்த மனிதரின் முகம். மேசைக்கு மேலால் என் பக்கம் குனிந்து, கேட்கிறார்...

அந்த இடத்தில் நான் நிறுத்தினேன். அவர்கள் மூச்சைப் பிடித்திருந்தார்கள். அந்த நிசப்தத்தில், பின்கதவுப் பக்கமிருந்து ஒருவர் நடு வழியால் வந்தார். பிரௌ பிரென்னர். நிகழ்ச்சி நடக்கும்போது கதவைத் திறந்தவனையே வெளியே அனுப்புகிறவர், மேடைப் படியில் ஏறி வந்து என் காதருகே சொன்னார்.

"உன் மகள் ஆஸ்பத்திரியில். ஒபிரேசன் செய்கிறார்கள். வாசலில் டாக்சி நிற்கிறது. போ."

'நீ' என்று அவர் என்னைச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

நான் கால்காப்புகளோடு ஓடினேன். முதுகுக்குப் பின்னால் அரங்கு வெடித்துச் சிரித்தது. அதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு டாக்சிக் கதவு சாத்தும் வரை கேட்டது. இன்றைக்கும் சில வேளைகளில் கேட்கிறது.

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "விளையாட்டுக் காயங்கள் இடது பக்கம்" என்றார். "எனக்கு ஒன்றுமில்லை, என் மகள்" என்று சொல்லவே எனக்குச் சொற்கள் வரவில்லை. ஜேர்மன் மொழியில் ஒரு அரங்கையே பிடித்து வைத்திருந்தவன், மகளின் பெயரைச் சொல்லத் திக்கினேன்.

சுகந்தி மூன்றாம் மாடி நடையில் நின்றாள்.

"இஞ்சரப்பா, இதென்ன கோலம்!" என்றாள். சொல்லிவிட்டு என் நெஞ்சுக்காப்பின் பட்டியைப் பிடித்தவள், ஒபிரேசன் அறைக் கதவு திறக்கும் வரை விடவில்லை. ரயில் மேடையில் நிலானி இரண்டாய் மடிந்து விழுந்திருக்கிறாள். குடல்வால் வெடித்திருந்தது. சுகந்தி அரங்குக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள், முதல் பாதி நடந்துகொண்டிருந்தபோது.

"நான் சொன்னனான், உடனே சொல்லச் சொல்லி. அவன் ஓம் எண்டவன்."

ஊவே ஓம் என்றவன்தான். ஆனால் முதல் பாதி அப்படிப் போயிருந்தது, விதி இருந்தது. முடியட்டும், முடியட்டும் என்று பிடித்து வைத்திருக்கிறான். பிரௌ பிரென்னர் ரயில் நிலையத்திலிருந்து வந்து, அவன் முகத்தைப் பார்த்துத்தான் என்ன என்று கேட்டிருக்கிறார். அவனில் நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. என்னை இன்றும் உலுப்புவது வேறு. நான் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்த அதே நேரம், என் பிள்ளையை ஒபிரேசனுக்கு வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பின்னேரம் நிலானி கண் திறந்தாள். முதலில் தாயைப் பார்த்தாள். பிறகு என்னை, என் கவசத்தை.

"அப்பா... ஆர் வெண்டது?"

"இன்னும் முடியேல்லை, குஞ்சு" என்றேன்.

இனி மேடை ஏறுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். சில நாட்கள் கழித்துப் பிரௌ பிரென்னர் ஒரு பூச்செண்டோடு வந்தார். நிலானியின் கட்டிலருகே கடைசி வரிசையில் இருப்பதுபோலவே நிமிர்ந்து உட்கார்ந்தார். சொன்னேன், இனி என்னால் முடியாது என்று. அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"உங்கள் ஆட்டத்தின் நடுவில் மழை கொட்டினால் என்ன செய்வீர்கள்?"

"நிறுத்துவோம். பிறகு இன்னொரு நாள் தொடருவோம்."

"முதலிலிருந்தா?"

"இல்லை. நிறுத்திய இடத்திலிருந்து. அதே புள்ளிகள். மட்டையோடு நின்றவரே மறுபடியும் வந்து நிற்பார்."

"அதே பார்வையாளர்களா?"

"அவர்களை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை."

"நான் கட்டாயப்படுத்துவேன்," என்றார். பிறகு அன்று நான் ஓடிய பின் நடந்ததைச் சொன்னார். அவர் மேடையில் நின்று உண்மையைச் சொன்னபோது ஒருவரும் எழும்பவில்லையாம். பிறகு ஒரு வயதான மனிதர் கையைத் தூக்கி, பிள்ளைக்குச் சுகமானதும் ஒரு விடயம் தெரிய வேண்டும், அந்த அதிகாரி என்ன கேட்டார் என்றாராம். "எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன்" என்றிருக்கிறார் பிரௌ பிரென்னர். "அவரிடமே கேளுங்கள். சீட்டை எறிந்துவிடாதீர்கள்."

"அந்த ஆள் தினமும் தொலைபேசி எடுக்கிறார்," என்றார் என்னிடம். "எடுத்து, முதலில் பிள்ளையைப் பற்றிக் கேட்கிறார்."

கட்டிலில் கிடந்த நிலானி தமிழில் கேட்டாள். "எந்த அதிகாரி? என்ன கேட்டவர்?"

"இப்ப சொல்லுறன்..."

"வேண்டாம்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிச்சால் தையல் நோகும். எல்லாரும் கேக்கேக்கை நானும் கேக்கிறன்."

அவளுக்குத் தையல் பிரித்து, நடக்கத் தொடங்கிய பின் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே பதினொரு மணி. நான் கவசத்தோடு ஒப்பனை அறையில் இருந்தேன். வெளியே நிறைய ஆட்கள் நடமாடினார்கள், ஆனால் ஒரு குரலும் கேட்கவில்லை. அந்த மௌனம் என்னை அன்றைய இடைவேளைக்கே கொண்டுபோனது. எழுந்து போய்விடலாம் என்று பட்டியை அவிழ்க்கத் தொடங்கினேன். கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு ஊவே வந்தான். இந்த முறை என் முகத்தைப் பார்த்தான்.

"வீட்டிலிருந்து செய்தி எதுவும் இல்லை," என்றான். "வீடு முன்வரிசையில் இருக்கிறது."

பட்டியை மறுபடி கட்டினேன்.

வேறு வேலை வந்த ஓரிருவரைத் தவிர எல்லோரும் வந்திருந்தார்கள். அன்றிருந்த இருக்கைகளிலேயே இருந்தார்கள். சீட்டுப் பார்த்த பெண் ஒருவரையும் மாறி இருக்க விடவில்லையாம். பல நகரங்களுக்கு ஆள் எடுக்கும் அந்த மனிதரும் பிரௌ பிரென்னருக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில். பின்னாளில் கார்ல்ஸ்ரூஹேயில் மாணவர்கள் இடமில்லாமல் நிலத்தில் இருந்து பார்த்ததும், நான் சரக்குப் பெட்டிகளுக்குக் கும்பிடு போட்டதும் அவரால்தான். ஆனால் அந்த நிமிடம் அவரை எனக்கு நினைவில்லை. முன்வரிசையில் சுகந்தி. அவளுக்குப் பக்கத்தில், வயிற்றில் ஒரு சிறு தலையணையை அணைத்துக்கொண்டு நிலானி.

நான் நின்ற இடத்தில் ஊவே சுண்ணக்கட்டியால் குறியிட்டு வைத்திருந்தான். அதில் போய் நின்றேன். வணக்கம் சொல்லவில்லை, நன்றி சொல்லவில்லை. மேசைக்கு மேலால் குனிகிற அதிகாரியைப் போலக் குனிந்தேன்.

"இதே வேலையை," என்றேன், "நின்றுகொண்டு செய்ய முடியுமா?"

திரும்பி நடந்திருக்க வேண்டும். அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். நான் நடக்கவில்லை. என் கைகள் தாமாக முன்னால் வந்து விரிந்தன, முழங்கால் மடங்கியது. கடைசி வரிசையில் பிரௌ பிரென்னர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் தலையணையை அழுத்திக்கொண்டு நிலானி சிரித்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து, வாரக்கணக்காகக் காத்திருந்த அந்த முழு அரங்கின் சிரிப்பும் எழுந்து என்னை நோக்கி வந்தது. நான் பிடித்தேன்.